முப்பத்தொரு சென்டிமீட்டர்

ஜூன் 9, திங்கள்

கொக்கிக் கலப்பையை டிராக்டரில் மாட்ட இன்று ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி ஆனது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். நேற்று பதினொரு நிமிடம்.

என் மகன் குமரேசன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுக்கிறான். மருமகள் கலாமணி வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நிற்கிறாள். வண்டியின் பின்புறம் கீழே இரண்டு இரும்புக் கைகள், மேலே டாப் லிங்க் என்னும் ஒரு தண்டு. மூன்றும் கலப்பையில் அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு அவள் ஒவ்வொன்றிலும் ஆணி போன்ற ஒரு 'பின்'னைச் செருகிப் பூட்ட வேண்டும். அரை அங்குலம் விலகியிருந்தாலும் உட்காராது.

"இன்னுங் கொஞ்சம் வாங்க. போதும், போதும். அய்யோ, முன்னால போங்க!"

"போதும்ங்கறயா, முன்னாலங்கறயா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டையுந்தான் சொல்றேன், ஒண்ணையாவது கேளுங்க."

இப்படியே போகிறது. காலையில் கொக்கிக் கலப்பை, மதியம் வேறொருவர் காட்டுக்கு மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், மறுபடி சட்டிக் கலப்பை. எங்கள் மூன்று ஏக்கரை விட ஊரார் நிலங்களை வாடகைக்கு உழுவதுதான் அவனுடைய பிழைப்பு. ஒரு நாளில் நான்கு முறையாவது அவள் அந்த இடைவெளியில் நிற்கிறாள்.

நான் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் முப்பத்து மூன்று வருடம் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வரைந்தவை ஆயிரம் இருக்கும். அதில் ஒன்றைக்கூட இரும்பில் செய்து பார்த்ததில்லை. ஆனாலும் இன்று பழைய வரைபலகையைத் துடைத்து எடுத்தேன். ஓட்டுபவர் இருக்கையை விட்டு இறங்காமல், நடுவில் ஆளே இல்லாமல் கலப்பையை மாட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்றுதான் தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருந்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

எதையும் அளக்காமல் வரையக் கூடாது. கலப்பைக்கு முன்னால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். பின்சக்கரம் அந்தக் கோட்டில் நின்றால் எல்லாம் பொருந்தும். கோட்டைத் தாண்டி எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்று ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளந்தேன். குமரேசன் சிரித்தான்.

"என்னுங்கப்பா, பரிச்சை வெக்கறீங்களா? மார்க்கு எவ்வளவு?"

இன்றைய அளவுகள்: 3, 4, 3, 4.

நல்ல கை. அவனிடம் சொன்னேன். "அப்படீன்னா பாஸுங்களா?" என்றான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பின்னைப் போடுவதற்கு முன்பும் கலாமணி "ஏனுங்" என்று கூப்பிடுகிறாள். அவன் "ம்" என்கிறான். அதற்குப் பிறகுதான் இரும்புக்குள் கையை வைக்கிறாள். அவன் பதில் சொல்லத் தாமதித்தால் நின்றபடியே காத்திருக்கிறாள். இதிலேயே ஒரு முறைக்கு நாற்பது வினாடி வீணாகிறது.

ஜூன் 13, வெள்ளி

3, 4, 31, 3.

மூன்றாவது முறை வண்டி கோட்டில் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கலாமணி "ஏனுங்" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கலப்பையின் மேல் கால் வைத்து அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். இரும்புக் கை கலப்பையில் மோதி அதை ஓரடி தள்ளியபின் வண்டி நின்றது.

குமரேசன் இறங்கி வந்து பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. "கிளட்ச் புடிக்க மாட்டேங்குது" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "உனக்கு ஒண்ணுமில்லையே?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்" என்றாள். முழங்காலில் ரத்தம் இருந்தது. சேலையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஐந்து நாளில் இருபது அளவுகள். சராசரி 3.6. இதில் பதின்மூன்றாம் தேதியின் 31-ஐச் சேர்க்கவில்லை. நேற்று ஒரு 27 வந்தது. அதையும் சேர்க்கவில்லை. எல்லா அளவும் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது தனியாக வெளியே போய் விழும் ஒன்றிரண்டை விலக்கிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கிளட்ச் தட்டு புதிதாக மாற்றியாயிற்று. 27 வந்தது மாற்றிய பிறகுதான். மெக்கானிக் சரியாக மாட்டவில்லை என்கிறான் குமரேசன். அப்படியும் இருக்கலாம்.

ஜூன் 21, சனி

வரைபடம் முடிந்தது. இரண்டு முக்கோணச் சட்டங்கள். சிறியது வண்டியின் மூன்று இடங்களிலும் நிரந்தரமாக மாட்டியிருக்கும். சற்றுப் பெரியது கலப்பையில். வண்டியைப் பின்னால் எடுத்து ஹைட்ராலிக்கைத் தூக்கினால் சின்ன முக்கோணம் பெரியதற்குள் ஏறி உட்காரும். உச்சியில் ஒரு நாக்கு தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். கழற்ற, இருக்கையிலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் போதும். ஐந்து சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலும் சரிவே வழிகாட்டிவிடும்.

ரோட்டவேட்டருக்கு அதைச் சுழற்றும் ஷாஃப்டும் மாட்ட வேண்டியிருப்பதால் அதற்கு எப்படியும் எஞ்சினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அது ஆபத்தில்லை. கலப்பைகளுக்கு மட்டும் இது.

மூன்று முறை சரிபார்த்தேன். நாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

வெல்டிங் பட்டறை லோகநாதனிடம் படத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு திருப்பினான்.

"வாத்தியாரே, இது நல்லாருக்குதே. எங்க பாத்து எழுதுனீங்க?"

"எங்கும் பாக்கல. சொந்தமா யோசிச்சதுதான்."

"சும்மா சொல்லாதீங்க" என்றான்.

எழுபத்தொரு வயதில் அந்தச் சொல் எனக்கு மகிழ்ச்சியாக இருந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு நிமிடம் பத்து வினாடி!

இரண்டாம் முறை ஐம்பத்தெட்டு வினாடி. குமரேசன் இருக்கையை விட்டு எழவே இல்லை. பின்னால் வந்தான், நெம்புகோலைத் தூக்கினான், நாக்கு விழும் சத்தம் கேட்டது, கலப்பை தரையை விட்டு எழும்பியது. அவன் கையை மேலே தூக்கிக் கத்தினான்.

"கலா, இனி உனக்கு இங்க வேலையில்ல. சாணி வழிக்கறதப் பாரு, போ!"

"அதுக்கும் மாமாவ ஒரு படம் போடச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சட்டத்தைப் பார்க்கவில்லை. இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையை அவள் பாராட்டவில்லை என்று சிறிது வருத்தப்பட்டேன். அற்பத்தனம்.

ஜூலை 9, புதன்

எஞ்சின் ஓடும்போது இனி யாரும் அந்த இடைவெளியில் நிற்பதில்லை. இன்று வெகு நாள் கழித்து மதியம் தூங்கினேன்.

ஜூலை 14, திங்கள்

கலாமணி தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வண்டி ஓடும் காட்டுக்குப் போகிறாள். மோர், மறந்துபோன துண்டு, செல்போன். இன்று நான்கு கிலோமீட்டர் நடந்துபோய் வெற்றிலை கொடுத்துவிட்டு வந்தாள். அவன் வெற்றிலை போடுவதே அபூர்வம்.

"வேவு பாக்க வாறயா?" என்று குமரேசன் கேலி செய்தானாம். "ஆமாங், சின்ன ஊடு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்றாளாம். மாலை அவனே சொல்லிச் சிரித்தான்.

ஜூலை 18, வெள்ளி

சட்டத்தைத் துடைக்கும்போது பார்த்தேன். சின்ன முக்கோணத்தின் கீழ்ப்பட்டையில் பெயிண்ட் உரிந்து, இரும்பு உள்வாங்கியிருக்கிறது. சரியாக நிறுத்தினால் அந்த இடம் எதன்மேலும் படவே படாது. வேகம் குறையாமல் வந்து மோதினால்தான் படும். எண்ணினேன். ஆறு இடம்.

துருப்பிடிக்காமல் இருக்க நீலப் பெயிண்ட் பூசினேன்.

ஜூலை 22, செவ்வாய்

பக்கத்துத் தோட்டத்து ராக்கியண்ணன் காலையிலேயே வந்தார். உழுதுகொண்டிருந்த வண்டி கடைசியில் திரும்பாமல் வரப்பைத் தாண்டி அவருடைய மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குள் போய்விட்டதாம். மூன்று வரிசை போயிற்று.

"ஏனுங் வாத்தியாரே, உங்க பையன் கண்ணத் தொறந்துட்டே தூங்கறவனாட்டம் இருக்குது. தொண்ட கிழியக் கத்தறேன், காதுலயே போட்டுக்கல."

"ஸ்டியரிங் இறுகிடுச்சுங் மாமா" என்றான் குமரேசன். "கெழங்கு முத்தறதுக்குள்ள வேற குச்சி ஊனித் தந்துடறேன்."

"குச்சி கெடக்குதுடா. ராத்திரி நல்லாத் தூங்கறயா? கலியாணமாகி பதினெட்டு வருசமாச்சு, இனியென்ன முழிச்சுட்டு இருக்கற வேல?"

எல்லோரும் சிரித்தார்கள். கலாமணி உள்ளே போய்விட்டாள்.

ஸ்டியரிங்கை நான் திருப்பிப் பார்த்தேன். இறுக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வண்டியைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

ஜூலை 28, திங்கள்

சாப்பிடும்போது ஒன்று நடந்தது.

குமரேசன் லோகநாதனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "அவன் இன்னும் ஆறு செட்டு" என்றவன் அங்கேயே நிறுத்திவிட்டான். யோசிக்கிறான் என்று நினைத்தேன். வாயில் சோறு இல்லை, ஆனால் எதையோ மெல்வதுபோல் உதடு அசைந்தது. இடது கை சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கண்கள் என் பக்கம்தான் இருந்தன. என்னைப் பார்க்கவில்லை.

மனதுக்குள் எண்ணினேன். பழக்கம். இருபத்திரண்டு வரை எண்ணினேன். பிறகு அவன் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்து, "ரசம் ஊத்து" என்றான். ஆறு செட்டைப் பற்றி மேலே சொல்லவே இல்லை.

நிமிர்ந்தபோது கலாமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊறுகாயைக் கேட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

களைப்பாக இருக்கும். ஆடி மாதத்தில் வேலை அதிகம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லோகநாதன் வந்தான். வருகிற பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உழவர் குழுவிலிருந்து பதினைந்து பேர் வருகிறார்களாம். சட்டம் வேலை செய்வதை நேரில் பார்த்தால் எல்லோருமே செய்யச் சொல்வார்கள் என்கிறான். படத்தை நகல் எடுத்துக் கீழே என் பெயரைப் போட்டிருந்தான். 'வடிவமைப்பு: இரா. அர்த்தநாரி, விரிவுரையாளர் (ஓய்வு).'

அந்தத் தாளை மேசைமேல் வைத்திருக்கிறேன். நான்கைந்து முறை எடுத்துப் பார்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குமரேசன் வெளியே போயிருந்தபோது கலாமணி வந்து வாசற்படியில் நின்றாள். பதினெட்டு வருடத்தில் இப்படி என் அறைக்கு அவள் வந்தது இரண்டாவது முறை.

"மாமா, அந்த முக்கோணத்தக் கழட்டிருங்க."

"ஏன் கண்ணு? வேலை சுலபமாத்தானே நடக்குது?"

"அதனாலதானுங் சொல்றேன்." வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் நடுவுல நின்னா அவருகிட்டப் பேசீட்டே இருப்பேன். பேச்சு நின்னுதுன்னா வெளிய வந்துருவேன், ஓடிப்போய் வண்டிய நிறுத்துவேன். இப்பத் தனியாப் போறாரு, தனியா மாட்டறாரு. நாலு மைலுக்கு அக்கட்ட ஒத்தையில ஓட்டீட்டு இருக்கறாரு. நின்னுபோச்சுன்னா ஆரு பேசறது?"

என்ன நின்றுபோனால் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங். கிளட்சுன்னுதான் நெனச்சுட்டு இருக்கறாரு."

"டாக்டரை ஒரு தடவை..."

"போனா ஒரு பேரு சொல்லுவாங்க. அந்தப் பேரு ஊருக்குள்ள வந்துட்டா வண்டிக்கு ஆருங் கூப்புடுவாங்க? நாளைக்குப் புள்ளைக்கு ஒரு எடம் வந்தா, அப்பனுக்கு இப்படியாமான்னு கேக்க மாட்டாங்களா? நான் பாத்துக்குவேன் மாமா. இத்தன நாளு பாத்துக்கலையா? நீங்க அதக் கழட்டி மட்டும் குடுங்க."

பேத்தி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் அவளைப் பற்றியும் யோசித்தேன் என்று எழுதலாம். ஆனால் அந்தக் கணத்தில் என் கண் மேசைமேல் இருந்த தாளுக்குத்தான் போனது.

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வாராங்க கண்ணு. அது முடிஞ்சதும் கழட்டிடலாம்."

"ஞாயித்துக்கிழமைங்களா" என்றாள். கோபம் இல்லை. நாளை எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வண்டி காலை ஏழு மணிக்குப் போய் மாலை ஆறு பத்துக்கு வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆறு ஐம்பதுக்குப் போய் ஐந்து நாற்பதுக்கு வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஏழுக்குப் போயிற்று. ஏழே கால் வரை வரவில்லை. நானும் கலாமணியும் தனித்தனியாக வாசலில் நின்றோம்.  ஏழு இருபதுக்கு விளக்கு தெரிந்தது. டீசல் போடப் போனானாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினான்கு பேர் வந்தார்கள். குமரேசன் புதுச் சட்டை போட்டிருந்தான். ஐந்து முறை மாட்டிக் காட்டினான். ஐந்து முறையும் கோட்டிலேயே நிறுத்தினான். ஐம்பத்தொரு வினாடி ஒரு முறை. கைதட்டினார்கள்.

ஒரு மனிதர், நாக்கு எப்படி விழுகிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று, வண்டி பின்னால் வரும்போதே கலப்பையின் மேல் குனிந்தார். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கலாமணிதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா, இந்த இழுப்பு இழுக்கற?"

"காப்பி ஆறிப்போகுதுங்" என்றாள்.

லோகநாதன் மாலை வந்து, ஒன்பது பேர் சட்டம் செய்யச் சொல்லியிருப்பதாகக் கூறினான். அவன் போனதும் என் பெயர் போட்ட தாளை மடித்து அலமாரிக்குள் வைத்தேன். 

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஐந்தரைக்கு நாக்கையும் அதன் ஆணியையும் கழற்றி என் அலமாரியில் வைத்தேன். வெல்டிங்கில் விரிசல் இருப்பதாகக் குமரேசனிடம் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கவில்லை.

"நேத்து அஞ்சு தடவ நல்லாத்தானே விழுந்துச்சு?" என்றான். ஆனாலும் நம்பினான். அவன் என்னை எப்போதும் நம்புகிறான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பழைய முறை. கலாமணி நடுவில் நின்றாள். "ஏனுங்." "ம்." "ஏனுங்." "ம்." எட்டு நிமிடம் ஐம்பது வினாடி.

வேலைக்கும் அவனோடு வண்டியிலேயே போனாள், மட்கார்டின் மேல் உட்கார்ந்து.

ஒருவனைக் காப்பாற்ற இன்னொருத்தியை அங்கே நிறுத்தியிருக்கிறேன். ஜூன் மாதம் இதே இடத்தில் உட்கார்ந்து, அவள் அங்கே நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தேன். வரைபடத்தில் இதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று மாலை முழுவதும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடும் போடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

 எழுத்து கோணலாக வருகிறது. நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை கலாமணி பால் கறந்துகொண்டிருந்தாள். குமரேசன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். நான் எழுந்துபோனேன்.

"நான் நிக்கறேன்."

"நீங்களா? வேண்டாங்கப்பா. நீங்க படம் போடற ஆளு."

"பின்னு போடத் தெரியும்டா எனக்கு."

சிரித்தான். "செரி, காலப் பாத்து வையுங்க" என்று திரும்பி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். நான் நடுவில் நின்றேன். வெளியே இருந்து பார்க்கும்போது அந்த இடம் இவ்வளவு குறுகலாகத் தெரிந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் கலப்பையின் இரும்பு. இரண்டு பக்கமும் என் உயரத்துக்குச் சக்கரங்கள்.

"இன்னுங் கொஞ்சம் வா" என்றேன். "போதும்."

வண்டி நிற்கவில்லை.

"குமரேசா, போதும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் முகம் என்னை நோக்கித்தான் இருந்தது. உதடுகள் மென்றுகொண்டிருந்தன. இடது கை சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கலாமணியைப் போலத் தாண்டிக் குதிக்க என் முழங்கால்களால் முடியாது. கத்தினேன் என்று நினைக்கிறேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. இரும்புக் கை வேட்டியைக் குத்தி இழுத்துக்கொண்டு கலப்பையில் முட்டியது. கலப்பை பின்னால் நகர்ந்தது. நானும் அதோடு நகர்ந்தேன். தொடையில் இரும்பின் குளிர்ச்சியை உணர்ந்தேன். அதற்கு மேல் நகர இடம் இல்லை.

எஞ்சின் நின்றது. கலாமணி பால் சொம்பை வீசிவிட்டு ஓடிவந்து, வண்டியில் பாதி ஏறி, நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள்.

 குமரேசன் இன்னும் சிறிது நேரம் மென்றான். பிறகு கண் என் மேல் வந்து நின்றது. இந்த முறை என்னைப் பார்த்தான்.

"அப்பா, நீங்க எப்ப அங்க வந்து நின்னீங்க?"

கிழிந்த வேட்டியைப் பார்த்தான். அருகில் தொங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். "மறுபடியும் கிளட்ச்சா?" என்றான். ஆமாம் என்று நாங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

"கிளட்ச் இல்லைடா" என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தலையில் கம்பிகளை ஒட்டி வரைபடம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். இதுவும் வலிப்பில் ஒரு வகைதான், மாத்திரையில் கட்டுப்படும். ஆனால் இப்போதைக்கு டிராக்டர், பைக், கிணற்றடி, மோட்டார் எதுவும் கூடாது. கட்டுப்பட்ட பிறகு பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி வருது?"

குமரேசன் விழித்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் நான் சொன்னேன்.

"ஜூன் பதிமூணாந் தேதியிலிருந்து, சார். எனக்குத் தெரிஞ்சு பதினொரு தடவை."

பதினொன்று என்று வாய் சொன்னபோதுதான் அதை நான் எண்ணி வைத்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

கலாமணி தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு முன்னாலயேங்க" என்றாள். "போன தைப்பொங்கலுக்கு முந்தியே. பைக்குல போகையில ஒருக்கா. அப்பறம் கெணத்து மேட்டுல ஒருக்கா."

டாக்டர் எழுதிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த குமரேசன் முதலில் என் பக்கம் திரும்பினான். பிறகு அவள் பக்கம்.

"ரெண்டு பேத்துக்கும் தெரியுமா?"

டாக்டரின் பேனா நின்றது.

"போன மாசம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏழு பேர வண்டியில ஏத்தீட்டு வந்தேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "டிரெய்லர்ல நின்னுட்டுப் பாடீட்டே வந்துதுங்க. நீ பாத்த கலா. அப்பா, நீங்களும் வாசல்ல நின்னீங்க."

பேருந்தில் எங்களோடு உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து கொட்டகையில் டிராக்டரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். சாவி என்னிடம் இருக்கிறது. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருக்கின்றன. கலாமணி மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க போய்க் கூப்புடுங்க மாமா" என்றாள்.

போனேன். கொட்டகைக்குள் வண்டியின் பின்பக்கமாகத்தான் போக முடியும். கலப்பை கிடக்கும் இடத்தில், சக்கரங்களுக்கு நடுவில் போய் நின்றேன். எஞ்சின் ஓடவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு வாக்கியங்களை வீட்டிலிருந்து வரும்போதே வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். முதலாவதைத் தொடங்க வாயெடுத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும்.

அவன் சட்டென்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். ஓடாத வண்டியின் பிரேக்கை. மிதித்த காலை எடுக்கவே இல்லை. திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"பின்னால நிக்காதீங்கப்பா. முன்னால வாங்க."